உதட்டின் குற்றம்

இசைக் கல்லூரியில் அவளுக்குச் 'சத்தம்' என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவளுக்கு அப்படியொரு பட்டம். வைத்தவன் அவளோடு சாக்ஸபோன் படிக்கிறவன். சோடாபுட்டி மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்குக் 'கண்ணாடி'. அவள் சேர்ந்த முதல் நாள் வருகைப் பதிவில் அவள் சொன்ன பதில் மாஸ்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. "சத்தம் வந்தாச்சு சார்" என்று பின்வரிசையிலிருந்து கண்ணாடி குரல் கொடுத்தான். வகுப்பே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

சொந்தமாக வாத்தியம் இல்லாதவர்களுக்குக் கல்லூரி கடனாகத் தரும். பீரோவில் சாக்ஸபோன் இரண்டு இருந்தன. ஒன்று புதுசு. மற்றது எத்தனையோ பேர் ஊதி, மினுக்கெல்லாம் போய், பழைய தண்ணீர்க் குழாயின் நிறத்துக்கு வந்துவிட்ட ஒன்று. அதற்குக் 'கிழவி' என்று பெயர். முதல் வாரம் யார் யாரிடம் எது இருந்தது என்பதெல்லாம் சத்தத்துக்குத் தெரியாது. அவள் ஒரு வாரம் தாமதமாகச் சேர்ந்தவள். அவள் வந்தபோது புதுசு கண்ணாடியின் மடியில் இருந்தது. கிழவியை அவள் தலையில் கட்டினார்கள்.

மேலே போகிறவரை கிழவி நன்றாகத்தான் பாடும். கீழே இறங்கினால்தான் வீம்பு. கடைசி நாலைந்து சுரங்களில் குரல் உடைந்து மேலே தாவி, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி கத்தும்.

"உதடு" என்பார் மாஸ்டர், தலை நிமிராமல். "உதட்ட ஒழுங்கா வை. காத்தெல்லாம் வெளிய போகுது பாரு."

அவளும் பார்த்தாள். வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்தாள். காற்று போவது தெரியவில்லை. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். ஹாலின் ஒரு மூலையில் திரை கட்டி, அதற்குப் பின்னால் ஒரு கட்டில். அத்தான் பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்பி மதியம் வந்து படுப்பார். மேல்வீட்டுக்காரரோ ஊசி விழுந்தாலும் தரையைத் தட்டுகிறவர். அதனால் அவள் துணி அலமாரியைத் திறந்து, அத்தானின் சீருடைகளுக்கும் அக்காவின் மழைக்கோட்டுக்கும் நடுவில் தலையை விட்டுக்கொண்டு ஊதிப் பழகினாள்.

"கோட்டுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கறா" என்று அக்கா சிரிப்பாள்.

"நாள் பூரா நான் கேக்கற ஹாரன் பத்தாதா?" என்பார் அத்தான், போர்வைக்குள்ளிருந்து. "வீட்டுக்குள்ளயும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கீங்களே." கோபமாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சொன்னார்.

அந்த அலமாரிக்குள்தான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கீழ் உதட்டைப் பல்லின்மேல் இழுத்து, வலிக்கும்வரை கடிக்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து காற்றை ஒரே அறையாக அறைய வேண்டும். விரல்களை நகம் வெளுக்க அழுத்த வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில் நடந்தால் கிழவி பணிந்துபோகும். தடித்த, கரகரத்த, நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கிற ஒரு சுரம் வரும். உதட்டின் உட்புறம் புண்ணாகி, அவள் காரமாக எதையும் தின்ன முடியாமல் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டாம் வருஷ முடிவில் கல்லூரியிலேயே கீழ் சுரம் என்றால் சத்தம்தான் என்கிற நிலைக்கு வந்தாள்.

ஒருநாள் மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். "வந்துடுச்சே! நான் அப்பவே சொன்னேன்ல, உதடுதான்னு."

அவள் தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. கல்லூரியின் பெரிய பாண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோன்காரர் ஒருவர் படிப்பு முடிந்து போகிறார். காலியாகும் இடம் ஒன்று; போட்டிக்கு அவளும் கண்ணாடியும். பாண்டில் சேருகிறவர்களுக்கு விடுதியில் தனி அறை உண்டு. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. எந்நேரமும் ஊதலாம், யாரும் தட்ட மாட்டார்கள்.

அறை என்ற சொல் அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அக்காவுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது. போன வாரம்தான் அவள் திரைப்பக்கம் வந்து நின்று, கட்டிலைக் கண்ணாலேயே அளந்தாள். "தொட்டில் இங்கதான் போட முடியும்போல" என்றாள். பிறகு, "நீ எங்கயும் போகணும்னு சொல்லலடி. நீதான் எதுக்கும் அனுசரிச்சுக்குவியே" என்றாள். சமையலறையில் பாய் போட்டுக்கொள்ளலாம் என்பது அதற்குப் பொருள்.

தேர்வுக்குக் கொடுத்த தனி வாசிப்பு, அடிமட்டச் சுரத்தில் தொடங்கி மெல்ல மேலேறுவது. தாளைப் பார்த்ததும் கண்ணாடி நெஞ்சில் கைவைத்தான்.

"இது உனக்குன்னே எழுதினது. நான் இப்பவே அழுதுடவா, இல்ல அன்னிக்கு அழுதா போதுமா?"

"போடா" என்றாள் அவள். அது அவளுக்குப் பெரிய பேச்சு.

தேர்வு நாளன்று வெளியிலிருந்து நடுவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கூடத்தின் குறுக்கே கறுப்புத் திரை. ஊதுவது யாரென்று தெரியக்கூடாது. நடையில்கூட ஆள் தெரிந்துவிடும் என்று செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பேசக்கூடாது, இருமக்கூடாது. எண் மட்டும்தான்.

மாஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். கையில் புதுசு இருந்தது.

"ரெண்டு பேரும் இதுலதான் வாசிக்கணும். கிழவியோட குரல் தனியா தெரியுது, திரை போட்டு என்ன பிரயோஜனம்னு நடுவருங்க கேக்கறாங்க. நியாயம்தானே? மௌத்பீஸ் மட்டும் அவங்கவங்களோடது."

"சார்... நான் என்னோடதுலயே..."

"என்னது?"

"என்னோடதுலயே வாசிக்கறேன் சார்."

"அட, நல்ல வண்டியக் குடுத்தா யாராச்சும் வேணாம்பாங்களா? உன் நல்லதுக்குத்தான்மா."

அவள் செருப்பைக் கழற்றினாள். மூன்றாம் தடவை சொல்ல அவளுக்கு வராது. இரண்டு தடவை சொன்னதே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கண்ணாடி முதலில் போனான். வெளியே கேட்டது. தவறில்லாமல், அதிகமும் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் வாசித்தான். கீழ் சுரம் மெலிதாக வந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

அவள் உள்ளே போனாள். தரை குளிர்ந்திருந்தது. பழகிய மாதிரியே உதட்டை இழுத்துக் கடித்து, விரல்களை அழுத்தி, அடிவயிற்றிலிருந்து அறைந்தாள்.

லாரி பின்னால் வரும்போது போடுகிற ஹாரன் மாதிரி ஒன்று கூடத்தில் வெடித்தது.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் காற்றைக் குறைத்தாள். சுரம் நின்றே போயிற்று. மறுபடி பிடித்தாள். மேலேற ஏற, கடித்த உதட்டால் ஒவ்வொரு சுரமும் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே நின்றது. அவளுக்குக் கேட்கிறது. காதில் குறையில்லை. உதட்டைத் தளர்த்தினால் சுரம் தொங்குகிறது, இறுக்கினால் ஏறுகிறது. வேகமான இடம் வந்தபோது, அழுத்தியே பழகிய விரல்கள் சாக்ஸபோனின் சாவிகளைவிட்டு எழ நேரம் எடுத்துக்கொண்டன. தொட்டால் போதும் என்று படைக்கப்பட்ட சாவிகள். அவள் அவற்றை நெரித்தாள்.

வாசித்து முடித்தாள். முடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முடிவைச் சொல்ல அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கண்ணாடி வராந்தா படியில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாத முகம். பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான்.

"சத்தியமா எனக்கே புரியல. நீ கிழவியிலயே அப்படி ஊதறவ. அத ஊதினவங்க எதையும் ஊதலாம்னு நெனச்சேன்."

"ஏன்?"

"ஏன்னா? அது ஓட்டையாச்சே. மொத வாரம் எங்கிட்டதான் இருந்துச்சு. ஏதோ ஒரு மூடி சரியா உக்காரல, காத்து போகுதுன்னு சொன்னேன். சார் இத எடுத்துக் குடுத்தார்." அவன் மெல்லுவதை நிறுத்தினான். "நீ சொல்லவே இல்லையா?"

அவள் பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தேர்வுத் தாளின் ஓரத்தை நீளமாகக் கிழித்தாள். மடியில் கிழவி. சாக்ஸபோனின் உடம்பெல்லாம் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் தோல் வில்லை வைத்த ஒரு மூடி. மூடிக்கு அடியில் காகிதத்தை வைத்து, மூடியை மூடி, இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது. அடுத்தது. பிடித்துக்கொண்டது. நடுவில் இருந்த ஒரு சின்ன மூடி. பார்க்க நன்றாகத்தான் மூடியிருந்தது. காகிதம் தானாக உருவிக்கொண்டு வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வந்தது.

இரண்டு வருஷமாக அவள் நாக்கால் தடவிக்கொண்டிருந்த புண்ணை இப்போதும் தடவினாள்.

மாஸ்டர் தன் அறையில் பாண்டுக்காரர்களின் சீருடைச் சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கிழவியில காத்து போகுது."

"ஆமா" என்றார் அவர், நிமிராமலேயே.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம? ஆள வரச் சொல்லணும்னுதான் இருந்தேன்." ஒரு சட்டையை உதறி மடித்தார். "அதுக்குள்ள நீதான் சமாளிச்சிட்டியே. நல்லாவே ஊதின. அப்புறம் எதுக்கு ரிப்பேர்?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. உதடு என்றீர்களே சார். உதடு உதடு என்று எத்தனை தடவை சொன்னீர்கள். அவள் கையிலிருந்த காகிதத் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

அவர் கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, "சரி சரி, மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நாளைக்கே ஆள வரச் சொல்றேன், போதுமா?" என்றார்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"போகட்டும் விடு. விடுதிச் சாப்பாடு வாயில வைக்க விளங்காதாம்." பிறகு தணிந்த குரலில், "பாய் ஒண்ணு வாங்கி வச்சேன். மெத்து மெத்துன்னு இருக்கு. தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது. அத்தான் போர்வையை விலக்கி, "நாளைலேருந்து ஹாரன் கெடையாதா?" என்றார். ஒருவரும் சிரிக்காததைக் கண்டு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கிழவி கிடந்தது. அந்தச் சின்ன மூடிக்கு அடியில் மட்டும் வெள்ளை வெளேரென்று புதுத் தோல்.

"பாத்தியா? உனக்காகத்தான். சொன்னா சொன்னபடி செய்யறவன் நான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"எதுக்கு?"

"ரிப்பேருக்கு."

"நேரமா?" மாஸ்டர் சிரித்தார். "அந்த ஆளுக்கு டீ சொன்னேன். டீ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சிட்டான். ஊதிப் பாரு."

அவள் வார்ப்பட்டையைக் கழுத்தில் மாட்டினாள். மௌத்பீஸைப் பொருத்தினாள். விரல்கள் பழைய பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. அந்தத் தேய்மானங்களில் சில அவளுடையவை. கண்ணை மூடிக்கொண்டு அடிமட்டச் சுரத்தை ஊதினாள்.

கிழவி வெடித்தது. கூடத்தில் வெடித்த அதே ஹாரன். மேலே ஏறினாள். ஒவ்வொரு சுரமும் தன் இடத்துக்குச் சற்று மேலே, கீச்சென்று நின்றது. உதட்டைத் தளர்த்தினாள்; தொங்கியது. விரலைத் தளர்த்தினாள், தடுமாறியது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்த ஒரே வாத்தியம் சில நாள் முன்புவரை அவள் கையில் இருந்தது. ஒரு டீ வருகிற நேரத்தில் அது உலகத்தில் இல்லாமல் போயிற்று.

மாஸ்டர் சட்டைகளின் பக்கம் திரும்பியிருந்தார்.

"உதடு" என்றார், தலை நிமிராமல். "உதட்டப் போட்டு இப்படிக் கடிக்கறியே. யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை குற்றம் உதட்டில்தான் இருந்தது.