ஐந்தாம் மாடி மடிப்பு

அழுக்குத் துணி மூட்டைக்குள் மடித்த விரிப்பு ஒன்று கிடந்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டியவள் நான்தான். கட்டில் விரிப்புகள், தலையணை உறைகள், நோயாளிகள் போட்டுக் கழற்றிய அங்கிகள் எல்லாம் சுருண்டும் முறுக்கியும் விழ, நடுவே இது மட்டும் அலமாரியிலிருந்து எடுத்தது போல மடிப்புக் கலையாமல் விழுந்தது. அழுக்குத் துணியை யாராவது மடிப்பார்களா? இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், பாதி ஆயுசுக்குக் குப்பை கொட்டியிருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கையுறையோடு எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கடைசி மடிப்பின் ஓரம் கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே செருகியிருந்தது.

"ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! இது ஆணி மடிச்சது!" என்று கத்தினேன்.

பெரிய கட்டில் விரிப்பை ஒருத்தியாக நின்று ஒழுங்காக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் சாய்ந்து சுருக்கம் போக இழுத்து, ஓர் உதறு உதறி, பிறகு ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். நானும் ஆணியும் நாளெல்லாம் இதைத்தான் செய்தோம். அவள் குள்ளம். நின்ற இடத்தில் அறைந்து வைத்த மாதிரி நிற்பாள், அதனால் ஆணி. நான் நெட்டை, அதனால் கொக்கு. அவள் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தித் தாழ்த்தி என் தோளே இறங்கிப்போயிற்று. வண்டியில் அடுக்கும்போது சரியாமல் இருக்க, ஓரத்தை உள்ளே செருகும் வித்தை அவள் கண்டுபிடித்தது. "இது என்ன விரிப்பா, பொட்டலமா?" என்று சூப்பர்வைசர் சிடுசிடுப்பார். அவர் முதுகைத் திருப்பியதும் நாங்கள் செருகிக்கொண்டே இருப்போம்.

அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். மாத்திரைக்கு அடங்கவில்லை, வெட்டி எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. கடைசியில் எங்கள் தலைக்கு மேலேயே, ஐந்தாம் மாடியில் சேர்த்தார்கள். போவதற்கு முன் எங்களை எல்லாம் நிற்க வைத்துச் சொன்னாள்: "ஒருத்தியும் மேல வரக் கூடாது. நீங்க வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிப்பீங்க, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்ல." எல்லாரும் சரி என்றோம். நான் கொஞ்சம் அவசரமாகவே சரி என்றேன். எனக்குப் பயம். படுக்கையில் அவளைப் பார்க்க வேண்டாம் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

அவள் இடத்தில் சமையலறையிலிருந்து ஒருத்தியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். நல்லவள், சொன்னால் கேட்பவள். என் கைதான் கேட்கவில்லை. எதிரில் நிற்பவளின் கை என் நெஞ்சு உயரத்தில் இருக்கும், என் கையோ தன்பாட்டில் இடுப்புக்கு இறங்கும். "எதுக்குக்கா கையத் தொங்கப் போடறீங்க? எதிர்ல நிக்கறது நான்" என்பாள். விரிப்பை இழுக்கும்போது ஆணி ஒரு மூச்சு பிந்தித்தான் சாய்வாள். அந்தப் பிந்திய இழுப்பு, இவள் இழுத்து முடித்த பிறகும், துணி வழியாக என் கைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு மதியம் வீட்டில் போர்வை மடிக்க ஆளில்லாமல் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து மெதுவாக யாரோ இழுத்தார்கள். காற்றாகத்தான் இருக்க வேண்டும். போர்வையை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த நிலையில்தான் அந்த மடிப்பு வந்தது. அழுக்கு மூட்டையில் அவள் கைவேலையைப் பார்த்ததும் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. இழுத்து உதறி மடிக்கிறாள் என்றால் எழுந்து நிற்கிறாள், கையில் வலு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? "ஆணி டூட்டிக்கு வந்துட்டாப்பா!" என்று பாய்லர்க்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு இரண்டு நாளைக்கொன்று, மூன்று நாளைக்கொன்று என்று வர ஆரம்பித்தது. ஐந்தாம் மாடி மூட்டையை என்னைத் தவிர யாரும் அவிழ்க்கக் கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஒருநாள் ஒரே மூட்டையில் இரண்டு மடிப்பு இருந்தது. "இன்னிக்கு டபுள் டூட்டி!" என்று நான் ஒரு குதி குதித்தேன். அவை ஒவ்வொன்றையும் எந்திரத்தில் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பேன். பிரிக்க மனசே வராது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சுருக்கமே இல்லாத இழுப்பு அது. ஒருத்தியால் முடியாது. மேலே அந்தப் பக்கத்தைப் பிடிப்பவள் எவள்? இத்தனை வருஷம் நான் நின்ற இடத்தில் எவள் நிற்கிறாள்? முகம் தெரியாத யாரோ ஒரு நோயாளி மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரியும். பட்டேன்.

பிறகு மடிப்பு வருவது நின்றுபோனது. ஒரு வாரம் முழுக்க ஒன்றுகூட இல்லை. முதலில், "ஆணி லீவு போட்டுட்டா" என்று சிரித்தோம். அப்புறம் மூட்டை அவிழ்க்கும் நேரத்தில் எல்லாரும் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சலவைத் துணி ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு நானே லிஃப்டில் ஏறினேன். ஐந்தாம் எண்ணை அழுத்தும்போது, கதவு திறந்ததும் அந்தக் கட்டில் காலியாக இருக்கப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே குள்ளம், இப்போது பாதியாகியிருந்தாள். கண் மட்டும் பழைய கண். வார்டில் ஏழெட்டுக் கட்டில்கள், எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. எங்கோ ஒரு கருவி விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"வாடி கொக்கு. வராதேன்னு சொன்னா வந்து நிக்கற."

"ஒரு வாரமா மடிப்பே வரல. கீழ எங்களுக்கு உயிரே போயிடுச்சு."

"வரலைன்னா நல்லதுடி. இந்த வாரம் இங்க யாரும் போகல."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. அவளே சொன்னாள், மூச்சு வாங்க வாங்க. "ஒருத்தர் போயிட்டா இங்க அந்த விரிப்பச் சுருட்டிப் பையில திணிச்சுடறாங்க. இவ்வளவு நேரம் அதுமேல ஒரு மனுஷன் கெடந்தான். எனக்குப் பாக்கச் சகிக்கல. எழுந்து போயி எடுத்தேன். நர்ஸம்மா மொதல்ல திட்டினாங்க, அப்புறம் கையுறை குடுத்துட்டுக் கண்டுக்காம இருந்துட்டாங்க. எனக்கு ஒரு பக்கந்தான் புடிக்க முடியும். அதனால அந்த வீட்டு ஆளு யாரு நிக்கறாங்களோ அவங்க கையில மத்தப் பக்கத்தக் குடுத்துடுவேன். புடிங்க, இழுங்கன்னு சொல்லுவேன். என்ன செய்யறதுன்னே தெரியாம நிப்பாங்கடி பாவம், கைக்கு ஒரு வேலை கெடைச்சா மூச்சு வரும்."

நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தேனே ஒவ்வொன்றையும். முதல் நாள் டீ குடித்தோமே.

"ஏன் இப்படி முழிக்கற? கீழ நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

மறைக்க எனக்கு வரவில்லை. சொன்னேன். டூட்டி, டீ, டபுள் டூட்டிக்கு நான் குதித்தது, எல்லாம். அவள் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், கண்ணில் நீர் வழியும் வரை. "டபுள் டூட்டியா! அடிப்பாவி!" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி எதிரெதிராக இருந்த இரண்டு கட்டில்களைப் பார்த்தாள். அவற்றில் இப்போது வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு வீட்டு ஆளுன்னு யாரு இருக்கா?"

அவள் புருஷன் போய் வருஷங்களாயிற்று. பிள்ளை இல்லை. அண்ணன் ஒருவன் கடல் தாண்டி இருக்கிறான், போனில் மட்டும் அழுவான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நீ கீழ வந்து என் எதிர்ல நிக்கத்தான் போற, பாரு."

"பொய் சொல்லாதடி, உனக்கு அது நல்லாவே வராது. என்னோடதப் புடிக்க நீ வருவியா, மாட்டியா?"

வருகிறேன் என்று சொன்னால் அது நடக்கும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஏதாவது சொல்லி நழுவ வேண்டும் என்று, "நான் ஒரு பக்கம் புடிச்சா மத்தப் பக்கம் யாரு புடிப்பா? நீதான் இருக்க மாட்டியே" என்று உளறிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அதத்தான் நானும் படுத்துட்டு யோசிச்சேன்" என்றாள். ஒரு காலை இறக்கினாள், பிறகு மற்றதை. நான் ஓடிப்போய்த் தாங்கினேன். என் கையைத் தள்ளிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி போர்வையை நகர்த்தி, தலையணையை நாற்காலியில் வைத்து, தன் கீழிருந்த விரிப்பை உருவினாள். அது இன்னும் அவள் சூட்டோடு இருந்தது.

"புடி. இப்பவே மடிச்சிடலாம்."

"வேணாம்டி."

"நீ புடிக்கலைன்னா அதோ அந்த ஆயாவக் கூப்பிடுவேன்."

பிடித்தேன். பின்னால் போனோம். அவள் சாய்ந்தாள், வலு இல்லை, துணி நடுவில் தொய்ந்தது. என் கை தானாகத் தாழ்ந்தது, பழைய உயரத்துக்கும் கீழே. ஒரு மூச்சு பிந்தி அவளுடைய இழுப்பு வந்தது. மிகச் சன்னமாக, ஆனால் அவளுடையதுதான். பக்கத்துக் கட்டில்காரி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளவாக்கில் ஒன்று, திரும்ப ஒன்று. இனி அவள் நடந்து வந்து முனைகளை என் கையில் கொடுக்க வேண்டும். வெறும் காலோடு வந்தாள், அடிக்கு அடி நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு. என் முன்னால் வந்து முனைகளை நீட்டினாள்.

"வாங்கிக்கடி. கை கடுக்குது."

வாங்கினேன். துணியோடு சேர்த்து அவள் விரல்களும் என் கைக்குள் வந்தன. ஓரத்தைச் செருக வேண்டும் என்று அவற்றை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.