மைனஸ் எழுபத்தொரு கிலோ

மெக்கானிக்கின் கார் மைனஸ் எழுபத்தொரு கிலோ எடை காட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. எடைமேடைக்காரர் அச்சடித்துக் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது. முப்பது வருடமாக லாரி நிறுத்துக் கொடுக்கும் மனிதர், ஒரு செங்கல்லைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் மட்டும், தங்களுக்கு நேரமாகிறது என்றார்கள்.

எல்லாம் மைத்துனரால் வந்தது. மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன். கார் ஷோரூம் வைத்திருந்தார். அவர் தும்மினால் நாலு கடை தள்ளிக் கண்ணாடி அதிரும். மலைப்பாதையில் வருடத்துக்கொரு முறை நடக்கும் கார் பந்தயத்தில் ஆறு வருடமாக அவர்தான் முதல். ஏழாவது வருடம் தங்கை வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்துவிட்டு, தங்கை புருஷனைச் சீண்டினார். “மாப்ள, அந்தத் தகர டப்பாவோட பந்தயத்துக்கு வாங்களேன். தோத்தா பட்டறைய மூடிட்டு நம்ம ஷோரூம்ல வண்டி தொடைங்க. நிழல்ல வேல, நல்லா இருக்கும்.” மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஜெயிச்சா?” “ஜெயிச்சா நான் வந்து உங்க பட்டறையக் கூட்டுறேன்!” சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணி அவ்வளவும் கீழே விழுந்தது. இருவரும் கையடித்துக்கொண்டார்கள்.

மெக்கானிக்கின் இன்ஜின் மைத்துனருடையதில் பாதிதான். பலத்தைக் கூட்ட வழியில்லை என்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டு, தரைவிரிப்பு, பம்பர் எல்லாம் போயின. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு வந்தது. கதவுகளில் துளை போட்டார், பானெட்டில் துளை போட்டார், சாவியில்கூடத் துளை போட்டார். ஊர் காருக்குச் சல்லடை என்று பேர் வைத்தது. ரேடியோவைக் கழற்றிய பிறகும் இருபது வருடம் அது பாடிய பாட்டுகள் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் நாலு கிலோ இறங்கியது. கழற்றிய ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் கீழே வைப்பார். அதுதான் அவர் வழக்கம். மொத்தம் முந்நூற்றுப் பத்து. எண்ணூற்று நாற்பது கிலோ காரில் மிச்சம் ஐந்நூற்று முப்பது இருக்க வேண்டும். எடைமேடையோ ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றது. “ஒங்க மேட பழுது” என்றார் மெக்கானிக். “ஒங்க செவுரு பழுது” என்றார் எடைமேடைக்காரர். இப்படியே மூன்று நாள்.

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், சாப்பாட்டுத் தூக்கோடு எடைமேடைக்கு வந்த மனைவி, நடந்ததைக் கேட்டுவிட்டு, காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அந்தக் காரில் அவர் கடைசியாக ஏறிப் பதினோரு வருடம். “எத்தன கிலோ கூட வருது?” “அறுபத்திரெண்டு.” “அது நான்தான். மலைப்பாதையில நாலாவது வளைவுல, வண்டி இழுக்கல, பாரமா இருக்கே, எறங்கி நடன்னு எறக்கி விட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எறங்குனது நான்தான். என் கோவம் எறங்கல. முன்சீட்டுல அப்படியே உக்காந்திருக்கு.”

மெக்கானிக் தூக்கை வாங்கி ஓரமாக வைத்தார். லாரிக்காரர்கள் ஹார்ன் அடிப்பதை நிறுத்தினார்கள். “தப்புதான்” என்றார் மெக்கானிக், மெதுவாக. “ஐந்நூத்தி முப்பது!” என்று ஜன்னலிலிருந்து கத்தினார் எடைமேடைக்காரர். பதினோரு வருடம் அடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் வாய் திறந்த பிறகு மூடவில்லை. கூரை ஒழுகியதற்கு அவள்தான் காரணம் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னதற்கு, அவள் பாடும்போது ரேடியோவைப் போட்டதற்கு, குறட்டை விடுவது நானில்லை என்று சத்தியம் செய்ததற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் முள் முப்பது, நாற்பது என்று இறங்கியது. இருபது கிலோவுக்கு வந்ததும் எடைமேடைக்காரர் ஓடிவந்து, லாரிக் கயிற்றால் காரை மேடையோடு கட்டினார். அந்த முன்யோசனை இல்லையென்றால் கார் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போயிருக்கும். பூஜ்யத்தைத் தாண்டிய பிறகும் மெக்கானிக் பேசினார். “போதுங்க, மிச்சத்த வீட்ல பாத்துக்கலாம்” என்று மனைவி வெட்கப்பட்டபோது மைனஸ் எழுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் மெக்கானிக் காரில் ஏறினார். அவர் ஐம்பத்துநாலு கிலோ; அப்போதும் கார் ஓராள் உயரத்தில் மிதந்தது, சக்கரங்கள் காற்றில் சும்மா சுற்றின. சக்கரம் சாலையில் படாமல் ஓட்ட விதியில் இடமில்லை என்றார் நடுவர். மைத்துனர் தன் ஷோரூமில் துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று இப்போதே விளக்க ஆரம்பித்தார். யாரோ மணல் மூட்டை கொண்டுவரச் சொன்னார்கள். “மூட்டைக்கு வளைவுல சாயத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காரைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். பதினோரு வருடமாக மாறாத அதே அறுபத்திரண்டு கிலோ. நாலு சக்கரமும் பூப்போல வந்து சாலையைத் தொட்டன.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் கண் சிமிட்டியவர்களுக்கெல்லாம் தவறிவிட்டது. வலது வளைவில் மனைவி வலப்பக்கம் சாய்ந்தார், இடது வளைவில் இடப்பக்கம். முதலில் கிளம்பியிருந்த மைத்துனரை நாலாவது வளைவில், சரியாக அதே இடத்தில், பிடித்தார்கள். பிளாஸ்டிக் ஜன்னலைத் தள்ளிவிட்டு மனைவி கேட்டார்: “என்னண்ணே, பாரம் ஜாஸ்தியா? எறங்கி நடங்க!” உச்சியில் இவர்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்து முடித்த பிறகுதான் மைத்துனரின் கார் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை மைத்துனர் வந்து பட்டறையைக் கூட்டினார். நன்றாகவே கூட்டினார், மூலையெல்லாம் விடாமல். புதன்கிழமை தன் காரோடும் மனைவியோடும் எடைமேடையில் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பதினேழு கணவர்கள் இருந்தார்கள். எடைமேடைக்காரர் கயிறு கட்ட நாலு இரும்பு வளையம் பதித்துவிட்டார்.

மெக்கானிக்கின் காரை மாடிக் கைப்பிடியில் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஏறினால் அது இறங்காது. இருவரும் ஏறினால் இறங்கிவிடுகிறது.