முந்தையதை நீக்கலாமா?

ரத்த வங்கியில் லேப் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, கடவுளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

வார்டிலிருந்து அவசரம் என்று போன் வந்தால், ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்களின் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் கூப்பிடுவார்கள். பட்டியல் இருந்த இணையப் பக்கம் பழசாகிவிட்டது என்று போன மாதம் மூடப்பட்டது. மிச்சம் அவள் கணினியிலிருந்த ஒரே ஒரு ஃபோல்டர். திங்கட்கிழமைக்குள் புதுப் பக்கம் எழ வேண்டும்.

பதினாறு வருடத்துக்கு முன் பழைய பக்கத்தைச் செய்தது அவளும் குருவியும். வரவேற்பு மேசையில் குருவி கொத்துவதுபோல் தட்டச்சு செய்ததால் அவளுக்கு அந்தப் பெயர். இருந்தது ஒரு நாற்காலி. ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, ஒரு வரி எழுதுவதும் திறந்து பார்ப்பதுமாகப் பதினைந்து நாள் போனது. பச்சைப் பின்னணி. மேலே ஓடும் எழுத்து.

"என்னம்மா இது, ஓடிக்கிட்டே இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"நம்ம நர்சுங்க மட்டும் நிக்கிறாங்களா டாக்டர்?" என்றாள் குருவி. அன்று மூன்று பேரும் சிரித்த சிரிப்பு லேப் அக்காவின் காதில் இன்னும் இருந்தது.

இப்போது அவ்வளவு பாடில்லை. ப்ரேம்வொர்க் என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் தூணும் கூரையும் தானே எழுந்துவிடும். சுவரை மட்டும் நாம் எழுப்பினால் போதும். அவள் பட்டியல் இருந்த ஃபோல்டருக்குள் போய், அங்கேயே கட்டளையைத் தட்டினாள். திரை ஒரு கேள்வி கேட்டது: இங்கே ஏற்கனவே கோப்புகள் இருக்கின்றன, நீக்கிவிட்டுத் தொடரலாமா?

ரத்தம் சோதிக்கும் இயந்திரமும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் கேட்கும்: முந்தைய மாதிரியைக் கழுவிவிட்டுத் தொடரலாமா? இருபது வருடமாக 'ஆம்' அழுத்திப் பழகிய விரல், யோசிக்காமல் 'ஆம்' அழுத்தியது.

புதுப் பக்கம் பளிச்சென்று திறந்தது. பட்டியல் போய்விட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

எங்கே தேடியும் நகல் இல்லை. வேறு யாரிடமாவது இருக்குமென்றால் அது குருவியிடம்தான். குருவியோடு பேசி ஆறு வருடமாகிறது. ஆள் குறைக்கும்போது, "அந்தப் பக்கத்தைச் செய்தது யார்?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். லேப் அக்கா, "நான்" என்றாள். அவள் வேலை தங்கியது, குருவி போனாள்.

போனை இரண்டு முறை எடுத்து வைத்தாள். மூன்றாம் முறை எண்ணை அழுத்தினாள்.

"யாரு, லேப் அக்காவா? உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்டி. ஒரு தப்புப் பண்ணிட்டேன்." நடந்ததைச் சொன்னாள்.

"கேள்வியைப் படிக்காமலே ஆமாம்னு சொல்றவ நீ. பென்டிரைவ்ல பழைய நகல் ஒண்ணு இருக்கு. நான் கிளம்பின அன்னிக்கு எடுத்தது."

லேப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குருவி, அன்னிக்கு நான்..."

"தெரியும். நீ 'நான்'னு சொன்னப்ப கதவுக்கு வெளியதான் நின்னுட்டு இருந்தேன்."

"கோவமா?"

"மூணு வருஷம் இருந்துச்சு. அப்புறம் வேலை, பிள்ளைங்கன்னு அதுக்கு நேரம் கிடைக்கல. சரி, அழாத. அனுப்பறேன், திற."

நகலில் நூற்று ஐம்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் குருவி எழுதிய குறிப்பு. 'ஊசியைப் பார்க்க மாட்டார், கூடப் பேசிக்கொண்டிருக்கவும்.' 'கூப்பிட்டால் உடனே வருவார், வரும்போதே பாட்டு கேட்கும்.' லேப் அக்கா வாசித்துக்கொண்டே போனாள். போனில் குருவி, "அந்தப் பாட்டுக்காரர் குரலை இன்னும் மறக்கல" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் அந்தப் பழைய அறையில்தான் இருந்தார்கள்.

ஆனால் பிற்பாடு சேர்ந்த அறுபத்திரண்டு பேர்? லேப் அக்கா வாசிப்பதை நிறுத்தினாள். புதுப் பக்கத்தின் உச்சியில், 'நல்வரவு' இருந்த இடத்தில், அவள் எழுதினாள்: 'உங்களில் சிலர் பெயரை என் கவனக்குறைவால் அழித்துவிட்டேன். மன்னித்து, மறுபடி எழுதுங்கள். – லேப் அக்கா.'

"கண்காணிப்பாளர் பார்த்தா திட்டமாட்டாரா?" என்றாள் குருவி.

"திட்டட்டும். இந்தத் தடவை 'நான்'னு சொல்ல வேண்டியது நான்தானே."

பக்கத்தைப் பழைய முகவரியிலேயே திறந்துவிட்டு, நகலில் இருந்தவர்களுக்கு இணைப்பை அனுப்பி, மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர் மறுபடி எழுதியிருந்தார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஒரு அம்மா, 'பரவாயில்லை தாயே' என்று மட்டும் சேர்த்திருந்தாள். நல்ல மனசுகளைக் கடவுள் எங்கெங்கோ வைத்திருக்கிறார், கேட்டால்தான் தெரிகிறது.

"இன்னும் நாப்பத்தி மூணு பேர்" என்றாள் லேப் அக்கா, மறுபடி போனில்.

"நாளைக்கு நான் வரேன். வரவேற்புல உக்காந்து வர்றவங்ககிட்ட ஒவ்வொருத்தரா கேக்கறேன்."

"உன்னை உள்ள விடுவாங்களாடி?"

"ரத்தம் குடுக்க வந்தேன்னு சொல்றேன். யாரு தடுப்பா?"