அளவுக்கு நிற்கிற ஆள்

என் மனைவி பாலாம்பிகை எழுதி, படமும் வரைந்த பயணப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். கடுகளவு. கோபுரமோ பாலமோ, எதுவானாலும் அதன் அடியில் ஓர் ஆள் நின்றால்தான் வாசிப்பவனுக்கு உயரம் விளங்குமாம். அந்த ஆள் நான். லிஸ்பன், இஸ்தான்புல் எல்லாம் போய்வந்தவன் என்று பெயர்தான். நான் கண்டது தூரத்தில் மடக்குக் கதிரையில் இருந்து வரைகிற மனிசியை மட்டும். கட்டிடம் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்.

சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்த காலத்தில் லீவு முழுவதையும் இதற்கே கொடுத்தேன். இப்போது நான் ஓய்வுபெற்றாயிற்று, முழங்காலுக்குத்தான் ஓய்வு கிடைக்கவில்லை. இந்த லண்டன் புத்தகம் முடிந்ததும் அடுத்தது வியன்னா என்று பதிப்பகம் கேட்டிருக்கிறது. நான் வராவிட்டால் பாலாம்பிகை தனியாகப் போகமாட்டாள். புத்தகம் இல்லையென்றால் அவளுக்கு வேறொன்றும் இல்லை. அது தெரிந்தும், இனி என்னால் ஏலாது என்று இன்றைக்குச் சொல்லிவிடுவதாகக் கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டேன். அலுத்துவிட்டது. வேறு காரணம் வேண்டாம்.

சென் போல்ஸ் தேவாலயப் படிகளில், தூறலுக்குள் நின்றேன். அவள் எதிர்ப்பக்கம் ஒரு கடைக் கூரைக்குக் கீழே வசதியாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கால் பொறுக்கவில்லை. ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தேன். சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கி, சுற்றிப் போய், இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்பக்கமாக வந்தேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் வந்தேன்.

அவள் யாருமில்லாத படிகளைப் பார்த்துக் கையை அசைத்தாள். "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தாளில் நான் நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்த முதுகு, தலை நிறைய மயிர். அப்படி ஒரு ஆளை நானே கண்டு கனகாலம்.

"நான் இஞ்சை நிக்கிறன்," என்றேன்.

பென்சில் நின்றது. அவள் திரும்பவில்லை.

"எப்ப தொடக்கம் கண் இப்பிடி?" என்று கேட்டேன்.

"இஸ்தான்புல் புத்தகத்துக்குப் பிறகு. நேரை பாத்தால் நடுவிலை ஒரு புகை. கட்டிடம் பெரிசு, எப்பிடியும் தெரியுது. நீங்கள்தான் தெரியிறேல்லை."

"பேந்து ஏன் என்னை மழைக்குள்ளை நிக்க வைச்சனீர்?"

"நிக்கவேண்டாம் எண்டால் ஏனெண்டு கேப்பியள். பேந்து டொக்டர். பேந்து நீங்களே வரையவேண்டாம் எண்டுவியள்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் வெறுமனே நின்றிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்றும் இருந்தது. அதைவிடப் பயம்தான் கூட.

"நாளைக்கு டொக்டரிட்டைப் போறம்."

"ஓம். வியன்னா கேட்ட பதிப்பகத்துக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

ரயிலில் தயார்பண்ணி வைத்திருந்த வசனம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. "முதல் இதை முடிப்பம்," என்றேன்.

தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படிகளுக்குத் திரும்பிப் போனேன். உட்கார்ந்துவிட்டால்கூட அவளுக்குத் தெரியப்போவதில்லை. முழங்கால் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் முதுகை நிமிர்த்தி, அவள் இருந்த பக்கம் பார்த்து நின்றேன்.