ஷோனாவுக்காக ஓர் அறை

வட இங்கிலாந்தில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் உட்கார்ந்து, அரசு உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. ஒரு பிப்ரவரி மழையில் கிளென்டா ப்ரூவட் அங்கே வந்தாள். டைன் ஆற்றுக்கு மேலே, நகராட்சிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள்.

அவளுடைய மகள் ஷோனாவுக்கு ஒன்பது வயது. கிளென்டா குடியில் மூழ்கிக் கிடந்த நாட்களில் சமூக நலத்துறையினர் குழந்தையை அழைத்துப்போய் வேறொரு குடும்பத்திடம் வளர விட்டிருந்தார்கள். அது நடந்து பதினாறு மாதம். கிளென்டா குடியை விட்டுப் பதினொரு மாதம். ஏப்ரலில் குடும்ப நீதிமன்றம் முடிவு சொல்லவிருந்தது. குழந்தை திரும்பி வர அவளுக்கென்று தனி அறை வேண்டும். வீட்டில் அப்படியோர் அறை இருந்தது. ஆனால் குழந்தை இல்லாமல் அது காலியாக இருப்பதால், அரசு தரும் வாடகை உதவியில் வாரம் பதினான்கு பவுண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு வரணும்னா ரூம் வேணுமாம். ரூம் வேணும்னா பொண்ணு இருக்கணுமாம். இதுக்கு நான் என்னக்கா பண்றது? பொம்மைக்குத் துணி போட்டு உக்கார வைக்கவா?" என்றாள்.

"கொஞ்ச நாளைக்கு வாடகைக்குக் கைகொடுக்க நகராட்சில தனி உதவி ஒண்ணு இருக்கு கண்ணு. எழுதிப் பாப்போம்."

சிறிய வீட்டுக்கு ஏன் போக முடியாது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதை வாசித்ததும் கிளென்டா படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"வியாழக்கிழமை ஒரு மணி நேரம் அவளப் பாக்க விடுறாங்க, நோரீன் அக்கா. வந்ததும் கேக்குறது ஒண்ணுதான். 'என் ஜன்னல்லேருந்து இன்னும் பாலம் தெரியுதாம்மா?' அதுக்காகவே தினம் சாயங்காலம் அவ கட்டில்ல போய் உக்காந்துக்குவேன். எத்தன கப்பல் போச்சு, பாலத்துல என்ன கலர் லைட்டு போட்டாங்கன்னு பாத்து வச்சுக்குவேன். வேற ஜன்னலுக்குப் போயிட்டா நான் அவகிட்ட என்னத்தச் சொல்ல?"

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பதின்மூன்று வாரத்துக்கு உதவி. கிளென்டா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஏப்ரல் இதுக்குள்ளயே வந்துடுது!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்றே ஜன்னலுக்கு மஞ்சள் திரை வாங்கினாள்.

ஏப்ரலில் நீதிபதி இன்னொரு அறிக்கை கேட்டார். விசாரணை ஜூலைக்குப் போயிற்று. மறுபடி விண்ணப்பித்தோம். ஆறு வாரம் கொடுத்தார்கள், இதற்குமேல் முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஆறு வாரமும் அவள் செவ்வாய்க்கிழமைகளில் வேலை எதுவுமில்லாமலே வந்து என்னோடு உட்கார்ந்திருந்தாள். ஷோனாவுக்குப் பால்பல் விழுந்ததையும், அதைத் தான் பார்க்காமல் போனதையும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஜூலையில் தீர்ப்பு வந்தது. இப்போதைக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை மட்டும் ஷோனா தாயோடு இருக்கலாம், மற்றதைக் கிறிஸ்துமஸ் கழிந்து பார்க்கலாம் என்றார் நீதிபதி. வாரக்கடைசிக்கு வந்து போகிறவள் வீட்டில் இருப்பவளாகக் கணக்கில் வரமாட்டாள். பிடித்தம் தொடரும்.

கீழ்த்தளத்தில் ஒற்றை அறை வீடு ஒன்று காலியாக இருப்பதாகவும், அங்கே பிடித்தம் இருக்காது என்றும் குடியிருப்பு அலுவலர் நல்லவிதமாகத்தான் சொன்னார். நானும், "ஆறு மாசந்தானேம்மா, யோசி" என்றேன்.

"நீங்க யோசிங்க. நான் போய் வேல தேடுறேன்" என்று எழுந்துவிட்டாள்.

பேருந்துப் பணிமனையில் விடியற்காலை வண்டி கழுவும் வேலை கிடைத்தது. கூலியில் ஒரு பங்கை உதவித்தொகையில் கழித்துக்கொண்டார்கள். மிச்சம் அந்த அறைக்குப் போதுமானதாக இருந்தது. பனிக்காலத்தில் அவள் விரல்கள் வெடித்துப் போயின. வெள்ளிக்கிழமை வந்தால் மதியத்திலிருந்தே மூன்று மாடியும் இறங்கி வாசலில் நிற்பாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஞாயித்துக்கெழம கெளம்பறப்போ என்ன கேட்டா தெரியுமாக்கா? 'பல் பிரஷ்ஷ இங்கயே வச்சிட்டுப் போகட்டுமாம்மா?'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

"என் பிரஷ் இருக்குற குவளைய எடுத்தேன்க்கா. அவகிட்ட நீட்டினேன்."