கட்சிக்குள் ஒரு காது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் பாக்தாதில் தேசிய சீர்திருத்தக் கட்சிக்கு அனுமதி கிடைத்த அன்று, ரஷீத் தெரு அலுவலகத்தின் மாடிப்படி கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள். பெண்கள் பள்ளி ஆசிரியை பஹீஜாதான் பெயர்களைப் பதிந்தாள். எழுதி எழுதி விரல் வீங்கிப்போயிற்று. வக்கீலோ தச்சரோ, தேர்தலும் சட்டமும் நாட்டைத் திருத்திவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம்.

ஆறேழு வருஷத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. செயற்குழு மூடிய அறைக்குள் எதை முடிவு செய்தாலும் இரண்டு மூன்று நாளில் போலீசுக்குத் தெரிந்துவிடும். ஊர்வலம் கிளம்பும் முனையில் அவர்கள் முந்தி வந்து நிற்பார்கள்.

பஹீஜாவின் சந்தேகம் செயற்குழுவில் இருந்த மருந்துக்கடை ரவூஃப் மேல் விழுந்தது. ஒரு ஊர்வலத்தில் பிடிபட்ட மற்றவர்களை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தவர்கள் அவனை மட்டும் இரண்டே நாளில் விட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவன் இருமினாலும் அவளுக்கு அதில் ஏதோ இருந்தது. ஒரு கூட்டத்தில் கேட்டேவிட்டாள்.

"உங்களை மட்டும் ஏன் சீக்கிரம் விட்டாங்க, ரவூஃப்?"

"அந்த இன்ஸ்பெக்டரோட பொண்ணுக்கு டைபாய்டு. மருந்து என் கடையில மட்டும்தான் இருந்துச்சு."

"அடடா, நல்ல நேரம் பாத்துத்தான் காய்ச்சல் வந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். ரவூஃப் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்; அதன்பிறகு வரவே இல்லை.

அடுத்த வாரமும் போலீஸ் வந்து நின்றது. இப்போது தச்சர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பஹீஜாவைப் பார்த்தார். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஐம்பத்துநாலில் அரசாங்கம் கட்சியைக் கலைத்தபோது, கலைப்பதற்கு நாலு பேர்தான் மிச்சம்.

அலுவலகத்தைக் காலி செய்கையில் பஹீஜா தலைவர் முஸாஹிமின் அலமாரியில் ஒரு கட்டு நகல்களைப் பார்த்தாள். அத்தனையும் செயற்குழுக் குறிப்புகள். மேலே உள்துறை அமைச்சகத்தின் முகவரி.

"ஐயா, இது..."

"நான் அனுப்பினதுதான். ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் அனுப்புவேன். நாம சட்டப்படி நடக்கிற கட்சிம்மா, மறைக்க என்ன இருக்கு?"

"ரவூஃபை விரட்டினோமே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"அமைச்சகத்துலருந்து போலீசுக்குப் போகும்னு எனக்குத் தோணவே இல்லையே!"

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நேராக மருந்துக்கடைக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி, "தப்பு என்மேலதான், மன்னிச்சிருங்க" என்றாள்.

ரவூஃப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை.

"கட்சியே இல்ல. இப்ப எதுக்கு டீச்சர் வந்திருக்கீங்க? என்ன கேட்டுட்டு வரச் சொன்னாங்க?"

"யாரு?"

"உங்களை அனுப்பினவங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அவள் தெருமுனை திரும்பும்வரை, யாரிடம் போய்ப் பேசுகிறாள் என்று அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.