ஈக்களுக்குக் கோத்திரம்

எங்கள் கல்லூரிச் செயலாளர் பராங்குசம் சுவாமி ஈயைக்கூடக் கொல்ல மாட்டார். அதற்காகவே 2003-இல் விலங்கியல் துறைக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஒரு சி.டி.யும் வாங்கித் தந்தார். அதுவரை பழ ஈக்களைச் சீசாவில் வளர்த்து, ஜோடி சேர்த்து, மயக்க மருந்து கொடுத்துப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். இனி எல்லாம் திரையிலேயே. அழுகிய வாழைப்பழ நாற்றமும் போயிற்று, ஜீவஹிம்சையும் போயிற்று. எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது. அது திறப்பு விழா வரைக்கும் தாங்கியது.

சின்ன காஞ்சிபுரத்தில் அவர் பார்க்காத ஜாதகப் பொருத்தம் கிடையாது. ராகுகாலம் கழிந்ததும், சந்தனப் பொட்டு வைத்த மௌஸைப் பிடித்து, நீண்ட சிறகு ஈக்கும் குட்டைச் சிறகு ஈக்கும் தாமே முடிச்சுப் போட்டார். பிறந்தவை எல்லாம் நீண்ட சிறகு. மாணவிகள் கை தட்டினார்கள்.

"பார்த்தேளா மங்கையர்க்கரசி? குட்டைச் சிறகு போயே போயிடுத்து!"

"போகலை சார். உள்ள மறைஞ்சிக்கினு இருக்குது. இதுங்களையே ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா, நாலுல ஒண்ணு குட்டையா வரும்" என்றேன்.

மௌஸ் கைநழுவி விழுந்தது. "அக்காவுக்கும் தம்பிக்குமா? ஒரே கோத்திரம்! என் காலேஜ்ல நடக்காது."

உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஈக்கள் அப்படித்தான் குடும்பம் நடத்துகின்றன என்று சொல்லிப் பார்த்தேன். "கம்ப்யூட்டர்லயாவது ஒழுக்கமா இருக்கட்டுமே" என்றார்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஸிந்துஜா எழுந்தாள். அவருடைய மகன் வழிப் பேத்தி, மூன்றாமாண்டு மாணவி. தை மாதம் அவளுக்கும் அவள் அம்மாவின் தம்பி கோவர்தனுக்கும் கல்யாணம். பொருத்தம் பார்த்தவர் தாத்தாவேதான், பத்துக்குப் பத்து. கோவர்தனின் தங்கைக்கு, அதாவது இவள் சித்திக்கு, பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அதற்குச் சர்ப்ப தோஷம் என்று பெயர். "எனக்குப் பிறக்கற குழந்தைக்குக் காது கேக்குமா?" என்று கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"அக்கா தம்பி வேண்டாம் தாத்தா. அக்காவை வேற சீசாவுல கட்டிக் குடுத்துடலாம். அந்தப் பரம்பரையில குட்டைச் சிறகே கிடையாது."

"பேஷ்! அப்படிச் சொல்லு."

அக்கா ஈக்கு வேறு கோத்திரத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண்கள் பிறந்தார்கள். ஒன்றுக்கும் குறையில்லை, எல்லாம் நீண்ட சிறகு.

"இந்தப் பொண்ணை அவ மாமாவுக்குக் குடுக்கலாமா?"

"இதென்ன கேள்வி? அம்மான் உரிமைப்பட்டவன். கோத்திரமும் வேற. தாராளமா!"

மௌஸை அவர் கையிலேயே கொடுத்தாள். முதல் பெண்ணை மாமாவுக்குக் கொடுத்தார். எல்லாம் நீண்ட சிறகு. பரிவட்டம் கட்டிக்கொண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு பொண்ணையும் பாருங்கோ."

அழுத்தினார். நீண்ட சிறகுகளுக்கு நடுவே ஆங்காங்கே குட்டைச் சிறகுகள். கிட்டத்தட்ட நாலில் ஒன்று.

"இதெல்லாம் எங்கேர்ந்து வந்தது?"

"அக்காகிட்டேர்ந்தும் தம்பிகிட்டேர்ந்தும்தான் தாத்தா. கோத்திரம் அப்பா வழி மட்டும்தான் பார்க்கும். இது அம்மா வழியாவும் வரும். முதல் பொண்ணுக்கு வரலை, ரெண்டாவதுக்கு வந்து உள்ள மறைஞ்சிண்டிருக்கு." அவள் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நான் முதல் பொண்ணா, ரெண்டாவது பொண்ணா? உங்களுக்குத் தெரியுமா?"

உதவியாளர் வீரபத்திரன்தான் காப்பாற்றினார். "ஐயா, கரண்ட்டு போற நேரம். ஆஃப் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்கோ. இந்த மெஷின்ல ஏதோ தோஷம் இருக்கு" என்று எழுந்து போனார் செயலாளர்.

அடுத்த வாரம் கல்யாணம் நின்றது. அதே ஜாதகங்களை மறுபடி பார்த்தபோது ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறதாம்; முதலில் கண்ணில் படவில்லையாம். ஈ என்றோ காது என்றோ ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சித்திக்கு மட்டும் பரிகாரம் வழக்கம்போல் நடக்கிறது. கேள்விப்பட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸிந்துஜா கோயில் இட்லிப் பொட்டலத்தோடு ஆய்வகத்துக்கு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

"மேடம், அந்த ரஜ்ஜு எந்தக் குரோமோசோம்ல இருக்கும்?"